பாங்காக் டின்னர் க்ரூஸ்: புக் பண்ணலாமா, வேண்டாமா?

பாங்காக் டூர் என்று முடிவானதும் ஏஜென்ட் அனுப்பும் பேக்கேஜ் தாளில் ஒரு வரி கண்டிப்பாக இருக்கும். 'மாலை: சாவோ பிரயா நதியில் டின்னர் க்ரூஸ், லைவ் மியூசிக், டான்ஸ். விருப்பப்பட்டால் மட்டும், கட்டணம் தனி.'

அந்த 'விருப்பப்பட்டால்' என்ற ஒரு சொல்தான் வீட்டில் பஞ்சாயத்தைக் கிளப்பும். பிள்ளைகளுக்குப் படகு என்றாலே குஷி. அப்பாவுக்கு டிக்கெட் விலை உறுத்தும். அம்மாவுக்கு 'அங்கே நமக்குச் சாப்பிட என்ன இருக்கும்?' என்ற கவலை. யூடியூபில் பார்த்தால் ஒருவர் 'வாழ்க்கையில் மறக்க முடியாத இரவு' என்கிறார். அடுத்தவர் 'காசுக்குப் பிடித்த கேடு' என்கிறார். இருவரும் ஒரே நதியில்தான் போயிருப்பார்கள். போன படகும், வாங்கிய டிக்கெட்டும், கூடப் போன ஆட்களும்தான் வேறு.

எனவே 'நல்லா இருக்குமா?' என்று கேட்பதைவிட, 'நம்ம குடும்பத்துக்குச் சரிப்படுமா?' என்று கேட்பதுதான் சரி. அதற்கு விடை தேட, ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகன், கூடவே கணவரின் அம்மா. அவர் சுத்த சைவம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். மூட்டு வலியும் உண்டு. மொத்தம் நான்கு இரவுப் பயணம். அதில் ஒரு மாலையை இந்தப் படகுக்குக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

முதலில், அது என்ன க்ரூஸ்?

க்ரூஸ் என்றதும் கடலில் போகும் பிரமாண்டக் கப்பலைக் கற்பனை செய்ய வேண்டாம். இது நதியில் போய்வரும் இரண்டு, மூன்று அடுக்குப் படகு. பெரிய படகுகளில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து சாப்பிடலாம். கீழ்த்தளம் கண்ணாடி ஜன்னல் வைத்த ஏ.சி ஹால். மேல்தளம் திறந்தவெளி.

பயணம் சுமார் இரண்டு மணி நேரம். ஐகான்சியாம் மால், ரிவர் சிட்டி, ஏசியாட்டிக் என்று மூன்று முக்கியமான துறைகளிலிருந்து படகுகள் கிளம்புகின்றன. துறையில் ஒரு வரவேற்பு, கையில் ஒரு ஜூஸ், ஒரு போட்டோ. பிறகு பஃபே சாப்பாடு. ஒரு பாடகர், கூடவே கீபோர்டோ சாக்ஸபோனோ. சில படகுகளில் தாய்லாந்தின் பாரம்பரிய நடனம். கடைசி அரைமணி நேரம் பல படகுகளில் ஆட்டம் பாட்டம்தான். படகு வடக்கே ராமா 8 பாலம் வரை போய்த் திரும்பிவிடும்.

இவை தவிர இன்னொரு வகையும் உண்டு. ஒருகாலத்தில் நெல்லும் அரிசியும் ஏற்றிச் சென்ற பழைய மரப் படகுகளைப் புதுப்பித்து உணவகமாக்கியிருக்கிறார்கள். அதில் கூட்டம் குறைவு, சத்தம் குறைவு, பஃபேவுக்குப் பதில் மேஜைக்கே சாப்பாடு வரும். ஆனால், விலை கூடுதல். குழந்தைகள் ஓடியாட இடம் இருக்காது.

இரவில் என்ன தெரியும்?

க்ரூஸுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான். 1782-ல் முதலாம் ராமா மன்னர் தலைநகரை நதியின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு மாற்றினார். இன்றைய பாங்காக்கின் தொடக்கம் அதுதான். அதனால் அரண்மனை, முக்கியமான கோயில்கள், பழைய தேவாலயம், கோட்டை எல்லாமே இந்த நதிக்கரையில்தான் வரிசையாக நிற்கின்றன. சாலையில் போனால் டிராஃபிக்கில் தனித்தனியாகப் பார்க்க வேண்டியவற்றைப் படகில் உட்கார்ந்தபடி ஒரே கோட்டில் பார்த்துவிடலாம்.

ரிவர் சிட்டி, ஐகான்சியாம் பக்கமிருந்து வடக்கே போகும்போது முதலில் 1932-ல் திறக்கப்பட்ட மெமோரியல் பாலம். அதைத் தாண்டியதும் இடப்பக்கம் சான்டா குரூஸ் தேவாலயம். போர்ச்சுகீசியர் வழிவந்தவர்கள் வாழ்ந்த பகுதி அது. அடுத்து வாட் கல்யாணமித் கோயில். பிறகு அதே இடப்பக்கம் எல்லோரும் போனைத் தூக்கும் இடம்: வாட் அருண். 'வாட்' என்றால் கோயில். 'அருண்' வேறு யாருமில்லை, சூரியனின் தேரோட்டி அருணன்தான். உடைந்த பீங்கான் துண்டுகளாலும் சிப்பிகளாலும் அலங்கரிக்கப்பட்ட அதன் கோபுரம் இரவு வெளிச்சத்தில் பொன்னிறமாக நிற்கும். பழைய 10 பாத் நாணயம் கையில் கிடைத்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள். அதன் பின்பக்கம் இருப்பது இந்தக் கோபுரம்தான்.

எதிர்க்கரையில், அதாவது வலப்பக்கம், அரண்மனையின் கூரைகள். இன்னும் மேலே போனால் வெள்ளை நிற ஃப்ரா சுமேன் கோட்டை. கடைசியில், ஒரே ஒரு தூணிலிருந்து கம்பிகளால் தாங்கப்படும் ராமா 8 பாலம். 2002-ல் திறக்கப்பட்டது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். 'வாட் அருண் பக்கம் சீட் வேண்டும்' என்று கூடுதல் காசு கொடுப்பவர்கள் உண்டு. படகு போன வழியிலேயே திரும்பி வருகிறது. போகும்போது இடப்பக்கம் இருந்தது வரும்போது வலப்பக்கம் வந்துவிடும். அதனால் எந்தப் பக்கம் என்பதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஜன்னலோரமா, நடுவிலா என்பதுதான் முக்கியம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பெரிய பஃபே படகுகளில் ஒருவருக்கு சுமார் 1,000 பாத்திலிருந்து 2,000 பாத் வரை கட்டணம் இருக்கிறது. சீசனைப் பொறுத்து மாறும். நம் உதாரணக் குடும்பத்தில் மூன்று பெரியவர்களுக்குத் தலா 1,200 பாத், இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 900 பாத் என்று வைத்தால் மொத்தம் 5,400 பாத். ஒரு பாத் 2.70 ரூபாய் என்றால் 14,580 ரூபாய்.

இது டிக்கெட் மட்டும். ஹோட்டலிலிருந்து போய்வரும் செலவு தனி. குளிர்பானம், தண்ணீர் பாட்டில் பல படகுகளில் தனி. துறையில் எடுத்த போட்டோவை ஃபிரேம் போட்டுக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். விருப்பமில்லை என்றால் சிரித்துக்கொண்டே 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

ஆக, போய்வர 16,000 ரூபாய்க்குப் பக்கம் வந்துவிடும். இதே ஐந்து பேர் வெளியே ஒரு நல்ல உணவகத்தில் சாப்பிட்டாலும் ஒரு தொகை ஆகியிருக்கும் அல்லவா? அதைக் கழித்தால் வருவதுதான் படகுக்கும் பாட்டுக்கும் நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை. அந்த எண்ணை வீட்டில் எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'போகலாம்' என்ற குரல் அப்போதும் அதே உற்சாகத்தில் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

குழந்தைகள் கட்டணத்தில் ஒரு சிக்கல். சில படகுகள் வயதை வைத்துக் கணக்கிடும், சில உயரத்தை வைத்துக் கணக்கிடும். ஆறு வயதுப் பையன் கொஞ்சம் வளர்த்தியாக இருந்தால் கட்டணமே மாறலாம். புக் பண்ணும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

பாட்டி என்ன சாப்பிடுவார்?

தமிழ்நாட்டிலிருந்து போகும் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. பஃபேயில் இருபது, முப்பது அயிட்டம் இருக்கும் என்று விளம்பரம் சொல்லும். சைவத்தைத் தேடினால் சாதம், சாலட், பழம், கேக் என்று நான்கில் முடிந்துவிடலாம்.

தாய் சமையலில் காய்கறி வதக்கலில்கூட 'நாம் ப்லா' எனும் மீன் சாஸ் சேரும். ஆய்ஸ்டர் சாஸ், இறால் விழுது எல்லாம் சர்வ சாதாரணம். பார்க்க வெறும் காய்கறியாக இருக்கும். வாசனை பிடிபட்ட பிறகுதான் தெரியும். 'வெஜ்' என்று சொன்னால் இறைச்சித் துண்டு இல்லை என்ற அர்த்தத்தில் தலையாட்டிவிடுவார்கள். 'மங்சவிரத்' என்ற தாய் சொல்லுக்கு சைவம் என்று பொருள். ஆனால், அதில் முட்டை இருக்கலாம். 'ஜே' என்ற சொல் இன்னும் கறார். இறைச்சி, மீன் சாஸ், முட்டை, பால் எதுவும் இல்லை. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. 'கின் ஜே' என்றால் 'ஜே சாப்பாடு சாப்பிடுபவர்' என்று புரிந்துகொள்வார்கள். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்து போட்டிருக்கும் கடைகள் இந்த வகைதான்.

நல்ல செய்தி: இந்தியப் பயணிகள் அதிகம் வருவதால் பல படகுகளில் இந்திய உணவுக்குத் தனி கவுன்ட்டரே இருக்கிறது. பருப்பு, பனீர், சப்பாத்தி, புலாவ் கிடைக்கும். வடஇந்தியச் சமையல்தான், சாம்பார் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால், எல்லாப் படகிலும் எல்லா நாளும் இது இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. 'இந்த தேதியில், இந்தப் படகில், ஒருவருக்கு முட்டையும் மீன் சாஸும் இல்லாத சைவ உணவு உண்டு' என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப் பதில் போதும். 'எல்லாம் இருக்கும் சார், பார்த்துக்கலாம்' என்பது பதிலே இல்லை.

இதில் உடல்நலமும் கலந்திருக்கிறது. படகு ஏழரைக்குக் கிளம்பினால் தட்டு கைக்கு வர எட்டு ஆகிவிடும். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே எட்டு என்றால் இங்கே ஆறரை. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் எந்த நேரத்தைக் கணக்கில் வைப்பது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். படகில் மருந்தைப் போட்டுக்கொண்ட பிறகு 'சாப்பிட ஒன்றுமில்லை' என்றால் நடு நதியில் இறங்கிக் கடை தேட முடியாது. அதனால் கைப்பையில் பிஸ்கட், கொஞ்சம் சர்க்கரை அல்லது மிட்டாய் கட்டாயம் இருக்கட்டும். வெளி உணவுக்கு அனுமதி இல்லாத படகு என்றால், மருத்துவக் காரணம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

என்ன பாட்டு, என்ன ஆட்டம்?

'என்டர்டெயின்மென்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் பல விஷயங்கள் அடங்கும். ஒரு படகில் அது மெல்லிய சாக்ஸபோன் இசை. இன்னொன்றில் தாய் பாரம்பரிய நடனம். வேறொன்றில் கபரே பாணி மேடை நிகழ்ச்சி. சில படகுகளில் இந்திப் பாட்டுகளைச் சத்தமாகப் போட்டு டான்ஸ் ஃப்ளோரே அமைத்துவிடுவார்கள்.

நண்பர்கள் கும்பலாகப் போனால் கடைசி வகை கொண்டாட்டம். ஆனால், மகளோடும் மாமியாரோடும் அமைதியாக நதியைப் பார்க்க வந்த குடும்பத்துக்கு ஸ்பீக்கர் பக்கத்தில் மேஜை கிடைத்தால் அந்த இரண்டு மணி நேரம் நரகம். மாறாக, பிள்ளைகளுக்கு ஆட்டம் பிடிக்கும் என்றால் சாக்ஸபோன் படகில் அவர்கள் அரைமணி நேரத்தில் 'எப்போ இறங்கலாம்?' என்று கேட்பார்கள். எந்தப் படகில் எந்த நிகழ்ச்சி என்பதைப் பெயர் போட்டுக் கேளுங்கள். சமீபத்து ரிவ்யூக்களில் மூன்று ஸ்டார் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். ஐந்து ஸ்டார்காரர் புகழ்வார், ஒரு ஸ்டார்காரர் திட்டுவார். மூன்று ஸ்டார்காரர்தான் என்ன இருந்தது, என்ன இல்லை என்று பட்டியல் போட்டிருப்பார்.

'சன்செட் க்ரூஸ்' என்ற பெயரையும் ஒருமுறை சரிபாருங்கள். டிசம்பரில் பாங்காக்கில் மாலை ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஜூலையில்கூட ஏழு மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஏழரை மணிப் படகில் அஸ்தமனம் பார்க்க முடியாது. அஸ்தமனம்தான் வேண்டும் என்றால் ஐந்து மணி வாக்கில் கிளம்பும் படகைத் தேட வேண்டும். இரவு விளக்குகள்தான் வேண்டும் என்றால் ஏழு மணிக்கு மேல் கிளம்புவது சரி.

மழையும் மாடிப்படியும்

மே முதல் அக்டோபர் வரை அங்கே மழைக்காலம். மேல்தளத்தில் டிக்கெட் வாங்கிவிட்டு மழை கொட்டினால் எங்கே உட்கார வைப்பார்கள், பணம் திரும்ப வருமா என்று கேட்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வானிலை இதமாக இருக்கும். அப்போது கூட்டமும் விலையும் ஏறும். நவம்பரில் வரும் லாய் க்ரதோங் தீபத் திருநாளிலும், புத்தாண்டு இரவிலும் டிக்கெட் விலை வழக்கத்தைவிடப் பல மடங்குகூட ஆகலாம்.

மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கீழ்த்தளமே நல்லது. மேல்தளத்துக்குக் குறுகலான படிகளில் ஏற வேண்டும். தட்டோடு இறங்கி ஏறுவது இன்னும் கஷ்டம். துறையிலிருந்து படகுக்குள் கால் வைக்கும் இடமும் லேசாக ஆடும். ஊழியர்கள் கைகொடுப்பார்கள், அவசரப்படாமல் கடைசியாக ஏறினால் போதும். நதி என்பதால் கடல்போலப் படகைத் தூக்கிப் போடாது. வேகமாகப் போகும் வால்படகுகள் கிளப்பும் அலையில் கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான்.

கீழ்த்தளத்தில் ஒரே குறை, கண்ணாடியில் உள்ளே இருக்கும் விளக்கே பிரதிபலித்து போட்டோ சரியாக வராது. போட்டோவுக்கு மட்டும் ஒருவர் மேலே போய்வந்தால் தீர்ந்தது.

பாதுகாப்பு: கேட்கத் தயங்க வேண்டாம்

ஜாலியாகப் போகும் இடத்தில் இதையெல்லாம் பேச வேண்டுமா என்று தோன்றலாம். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7-ம் தேதி இரவு கேரளாவின் தானூரில் அளவுக்கு அதிகமாக ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் பலர் குழந்தைகள். சாவோ பிரயாவிலேயே, பாங்காக்குக்கு வடக்கே அயுத்தயாவில், 2016 செப்டம்பரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு மூழ்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பாங்காக்கின் பெரிய டின்னர் படகுகள் தினமும் ஓடுபவை. பயப்பட வேண்டிய அவசியமில்லை. ஆனால், ஏறியதும் செய்ய வேண்டியவை மூன்று. லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குழந்தை அளவு உண்டா என்று கேளுங்கள். வெளியேறும் வழி எது என்று பெரியவர் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். வாட் அருண் வந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடும்போது நீங்கள் ஓடாதீர்கள். திரும்பி வரும்போதும் அது அங்கேயேதான் இருக்கும். பிள்ளைகளைக் கைப்பிடிச் சுவரில் ஏற்றி உட்கார வைத்து போட்டோ எடுக்கவே வேண்டாம்.

க்ரூஸ் இல்லாமலே நதியைப் பார்க்க முடியுமா?

தாராளமாக. பாங்காக் மக்கள் ஆபீஸ் போய்வர இதே நதியில் பயணிகள் படகு ஓடுகிறது. ஆரஞ்சு நிறக் கொடி கட்டிய படகில் 16 பாத் டிக்கெட். ஐந்து பேருக்கும் சேர்த்து 80 பாத், நம் பணத்தில் 220 ரூபாய்கூட ஆகாது. பி.டி.எஸ் ரயிலில் சபான் தக்சின் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே சாத்தோன் துறை. அங்கே ஏறி வாட் அருண் துறையில் இறங்கலாம்.

ஒரு மாற்றுத் திட்டம் இப்படி இருக்கலாம். மாலை நான்கு மணிக்கு ஆரஞ்சுக் கொடிப் படகில் வாட் அருண். சுற்றிப் பார்த்துவிட்டு, சில பாத் கொடுத்து அக்கரைக்குப் போகும் சின்னப் படகில் எதிரே உள்ள தா தியன் துறை. வாட் அருண் மேற்குக் கரையில் இருப்பதால், தா தியன் பக்கமிருந்து பார்த்தால் அதற்குப் பின்னால்தான் சூரியன் இறங்கும். அங்கே நதியைப் பார்த்த மாடிக் கடைகள் இருக்கின்றன. ஒரு இளநீரோ காபியோ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் அஸ்தமனமும் ஆயிற்று, விளக்கு போடுவதையும் பார்த்தாயிற்று. பிறகு டாக்ஸியில் சீலோம். 19-ம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. கோயிலில் ஒரு கும்பிடு; அந்த வட்டாரத்தில் இட்லி, தோசை கிடைக்கும் தென்னிந்திய உணவகத்தில் சாப்பாடு.

செலவு க்ரூஸில் பாதிகூட ஆகாது. சாப்பாட்டுக் கவலை இல்லை. பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. ஆனால், நடை உண்டு. பயணிகள் படகில் கூட்டம் இருந்தால் நிற்க வேண்டியிருக்கும். துறைக்குத் துறை ஏறி இறங்க வேண்டும். இதைக் கவனியுங்கள். பணத்துக்கு இது மிச்சம். மூட்டு வலிக்கு இது செலவு.

சரி, யாருக்கு ஓகே? யாருக்கு வேண்டாம்?

புக் பண்ணலாம்: பகலெல்லாம் நடந்து பெரியவர்கள் களைத்திருக்கிறார்கள், ஆனாலும் அரண்மனையையும் கோயிலையும் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றால். திருமண நாள், பிறந்தநாள் போன்ற ஏதாவது விசேஷம் என்றால். அசைவம் சாப்பிடும் குடும்பம், கடல் உணவு பிடிக்கும் என்றால். இந்திய சைவ உணவு உண்டு என்று எழுத்தில் பதில் வந்துவிட்டது என்றால்.

வேண்டாம்: அன்று காலைதான் பாங்காக்கில் இறங்குகிறீர்கள் என்றால், தூக்கத்துக்கு 15,000 ரூபாய் கொடுப்பதில் அர்த்தமில்லை. நள்ளிரவு ஃப்ளைட் பிடிக்க வேண்டிய நாள் என்றால். மாலை டிராஃபிக்கை நம்ப முடியாது. கைக்குழந்தை சத்தத்துக்கு அழும் என்றால். 'எல்லோரும் போகிறார்கள், நாமும் போவோம்' என்பது மட்டுமே காரணம் என்றால்.

நம் உதாரணக் குடும்பத்துக்கு வருவோம். கணவர் விலையைப் பார்த்தார். மனைவி 'அத்தைக்குச் சாப்பாடு?' என்று கேட்டார். பிள்ளைகள் டான்ஸ் வீடியோ பார்த்தார்கள். இந்த மாதிரிக் குடும்பங்களில் பெரும்பாலும் ஒருவரிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை: பாட்டியிடம். 'அம்மாவுக்கு இதெல்லாம் ஒத்து வராது' என்று மகனே முடிவு செய்துவிடுவார். வாட் அருணின் செங்குத்தான படிகளில் அவரால் ஏற முடியாது. அரண்மனை வளாகத்தை வெயிலில் முழுக்கச் சுற்ற முடியாது. அந்த இரண்டையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் பார்க்கக் கூடிய ஒரே வழி இந்தப் படகாகவும் இருக்கலாம். 'எனக்குத் தயிர்சாதமும் பழமும் இருந்தா போதும்டா, படகுல போகலாம்' என்று அவர் சொல்லக்கூடும். 'எனக்கு அந்தச் சத்தம் வேண்டாம், கோயிலுக்குப் போகலாம்' என்றும் சொல்லக்கூடும். எது என்றாலும், அவர் வாயால் வரட்டும். அதற்குப் பிறகு கணக்குப் போடுங்கள்.

புக் பண்ணும் முன் கேட்க வேண்டியவை

* படகின் பெயர் என்ன? 'சாவோ பிரயா க்ரூஸ்' என்று மட்டும் வவுச்சரில் இருந்தால் ஏற்காதீர்கள்.
* எந்தத் துறை, எத்தனை மணிக்குள் வர வேண்டும்? ஒரே கம்பெனியின் படகுகளே வெவ்வேறு துறைகளிலிருந்து கிளம்பலாம். தவறான துறைக்குப் போய்ப் படகைத் தவறவிட்டால் பணம் திரும்பாது.
* எந்தத் தளம், ஜன்னலோரமா, மேஜை நமக்கு மட்டுமா, பகிர வேண்டுமா?
* சைவ உணவு எழுத்தில் உறுதியா? முட்டை, மீன் சாஸ் இல்லாமலா?
* என்ன நிகழ்ச்சி? இசையா, நடனமா, கபரேயா, டி.ஜே-வா?
* தண்ணீர், குளிர்பானம் கட்டணத்தில் சேர்ந்ததா?
* குழந்தைக் கட்டணம் வயதை வைத்தா, உயரத்தை வைத்தா?
* மழை, உடல்நலக் குறைவு என்றால் தேதி மாற்றலாமா? எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும்?
* இதே படகு, இதே தளம் ஆன்லைனில் என்ன விலை? ஏஜென்ட் சொல்லும் விலையில் ஹோட்டல் பிக்கப் சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் கொஞ்சம் கூடுதல் கொடுப்பதில் தப்பில்லை. இல்லையென்றால் நேரடியாக புக் பண்ணுவதே லாபம்.

இந்த ஒன்பதில் ஏழுக்குத் தெளிவான பதில் வந்தால் தைரியமாகப் பணம் கட்டலாம். நான்கைந்துக்கு 'பார்த்துக்கலாம் சார்' என்று பதில் வந்தால், அந்த மாலையை ஆரஞ்சுக் கொடிப் படகுக்குக் கொடுத்துவிடுங்கள்.